வரம்புக்கு உட்பட்ட கழிவுநீர்

மார்ச் 11, செவ்வாய்.

சாயப்பட்டறைக் கழிவில் லிட்டருக்கு இவ்வளவு உப்புதான் இருக்கலாம் என்ற வரம்பை அரசுக்கு வகுத்துக் கொடுத்தவன் நான். இன்று மைசூரில் எங்கள் ஆய்வுக் குழு நடத்திய கருத்துக்கேட்பில், கொள்ளேகாலத்து விவசாயி ஒருவர் எழுந்தார்.

"உங்க கணக்கு சரிதானுங்க சார். பட்டறைக்காரங்க போர் போட்டுத் தண்ணிய உறிஞ்சி, சாயக் கழிவுல கலந்து உடறாங்க. லிட்டருக்கு உப்பு கொறஞ்சிருச்சு. எங்க கெணறுதான் காஞ்சு கெடக்குதுங்க."

மொத்த உப்புக்கு வரம்பு வைக்காதது என் பிழை. அளப்பதற்கு எளிது என்று லிட்டர்க் கணக்கோடு நிறுத்திவிட்டேன்.

குழுத் தலைவர் என் பக்கம் சாய்ந்து, "விதிமீறல் இல்லன்னு எழுதிடுங்க டாக்டர், வீட்டுக்குப் போலாம்" என்றார். அறிக்கையில் அப்படியே எழுதினேன். அது உண்மையும்கூட.

இப்போது அதன் கீழே, 'விதியே தவறு. வகுத்தவன் நான்' என்று சேர்த்திருக்கிறேன். அனுப்பினால் அடுத்த குழுவில் எனக்கு இடம் இராது. காலையில் அனுப்புவேன் என்றுதான் நினைக்கிறேன். கண் எரிகிறது.