பத்தலையா, பத்லாவா?

மாப்ள,

மழை பிடித்ததிலிருந்து ஜங்லிகாட் வீட்டில் எல்லாவற்றிலும் துரு. போன மாதம் டப்பாவைத் திறந்து, நீ செய்த கட்டைவிரல் அளவு இழைப்புளியை எடுத்துத் துடைத்தேன். பழைய டிங்கிப் படகு எஞ்சினின் பித்தளைத் துண்டை அரத்தால் ராவி உடம்பு. ஒடிந்த ஆக்ஸா பிளேடைத் தீட்டி அலகு. தேங்காய் எண்ணெயும் படாக் மரத்தூளும் கலந்த அந்த வாடை வந்ததும், முதலில் ஞாபகம் வந்தது என் மடத்தனம்தான்.

என் மகளுக்கு நாம் கிடார் செய்தோமே! தூத்துக்குடியிலிருந்து அந்தமானுக்கு வந்து படகுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த நானும், அலமாரி செய்துகொண்டிருந்த நீயும். கிடாரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அதற்கு ஆறு கம்பி என்பது மட்டும். அவளோ மாதா கோயில் திருவிழாப் பூசையில் வாசிக்கப்போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். முன்பக்கத்துக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த தேவதாருப் பலகை ஒன்றே ஒன்று. அடுத்த கப்பல் வருவதற்குள் திருவிழா முடிந்துவிடும்.

அன்று நீ பக்கப் பலகையைச் சுடுகுழாயில் வைத்து வளைத்துக்கொண்டிருந்தாய். கையை எடுத்தால் ஒடிந்துவிடும். முன்பலகையை இழைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, அங்கிருந்தே கத்தினாய்.

"பத்லா, மாப்ள, பத்லா!"

பத்தல என்கிறான், இன்னும் இழைக்கணும் போல என்று அழுத்தித் தள்ளினேன்.

"அரே, பத்லா!"

இன்னும் அழுத்தினேன். மூன்றாவது தள்ளில் இழைப்புளி மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

இங்கேயே புரோத்ராபூரில் பிறந்து வளர்ந்த உன் தமிழில் பாதி இந்தி என்பது எனக்கு மறந்தே போயிற்று. மெலிசாகிவிட்டது, நிறுத்து என்றல்லவா நீ கத்தியிருக்கிறாய்! பத்தாவதில் தமிழில் மட்டும் பாஸான ஆள் நான். அன்று அதிலும் கோட்டை விட்டேன்.

"பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ பலகையைத் தூக்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாய்.

"சோடோ யார், விட்டுத் தள்ளு. கிடாருக்கு எப்படியும் ஒரு ஓட்டை வேணும்ல? நீ இடத்த மாத்திப் போட்டுட்ட, அவ்ளோதான்."

மெலிந்த இடத்தையெல்லாம் வட்டமாக வெட்டி எடுத்தாய். நடுவில் ஓட்டையில்லாமல், தோளோரம் ஓட்டையோடு ஒரு கிடார். பூசை முடிந்ததும் பாடகர் குழு அண்ணன் வந்து, "இது எந்த நாட்டு மாடல்?" என்று கேட்டார். "அந்தமான் மாடல்" என்றாய், சிரிக்காமல். நான் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன்.

நீ போய் இது இரண்டாவது மழை. பேத்திக்குச் சின்னதாக ஒன்று செய்கிறேன். நிறுத்தச் சொல்ல நீ இல்லை. அதனால் ஒவ்வொரு தள்ளுக்கும் பலகையை வெளிச்சத்தில் பிடிக்கிறேன், காதோரம் வைத்துத் தட்டுகிறேன். ஒரு மாதமாக முன்பலகையே முடியவில்லை. நேற்று மகள் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பத்தலப்பா" என்றாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"எந்த பாஷையில சொல்றம்மா?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தமிழ்லதாம்ப்பா. தைரியமா இழைங்க."

இழைத்தேன் மாப்ள. ஒரே ஒரு தள்ளு. பிறகு இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு சற்று நேரம் காது கொடுத்தேன், எதிர்ப்பக்கமிருந்து நீ கத்துகிறாயோ என்று.