சந்தனப் பொட்டுக்கு அடியில்

18.10.2010, திங்கள்
காலையில் தூறல். ரயில் தாமதம், சிதம்பரம் வர பத்தேகால். ஸ்டுடியோ முழுக்க ஆயுத பூஜைப் பொரி, எறும்பு.
கேமரா, பிரிண்டர், கத்தரிக்கோல், சர்வர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சர்வருக்கு வைத்தது நான். டிஸ்க் விளக்கு ஒன்றின் மேலேயே அப்பியிருக்கிறேன். துடைக்கப் போனால் ஓனர் அண்ணன், "சாமி பொட்டும்மா. தொடைக்காத, தானா உதுரட்டும்."
உள்ளே, எல்லாப் படங்களும் இருக்கும் இரண்டு டிஸ்க். ஒன்றில் இருப்பதே மற்றதிலும். ஒன்று செத்தால் ஆரஞ்சு எரியும், உடனே மாற்ற வேண்டும். இன்னொரு விளக்கு பச்சை. போதும் என்று விட்டேன்.
வாங்க: ஷாம்பு, குடை, அம்மாவுக்குத் தைலம்.

30.10, சனி
வெளி டிஸ்கில் காப்பி எடுக்கும் நாள். கடலூர் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம். அதன் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. கழற்றலாமா என்று கேட்டால் கம்ப்யூட்டர் இப்போது முடியாது என்கிறது. மூன்று முறை கேட்டேன். கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.
பஸ் கிடைத்தது. ஜன்னல் சீட்டு வேறு.

8.11, திங்கள்
தீபாவளி லீவு முடிந்து திறந்தால் சர்வர் எழவில்லை. அண்ணன் ஈரத்துணியால் துடைத்தார். பொட்டுக்கு அடியில் ஆரஞ்சு. எத்தனை நாளாகவோ. பச்சையாக இருந்ததில் வெளிச்சமே இல்லை. இரண்டு டிஸ்கும் போய்விட்டன. வெளி டிஸ்கைச் செருகினால், உள்ளே இருப்பதைப் படிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பிக்கவா என்று கேட்கிறது.
"பழைய ஆர்டர்லாம் ஆல்பம் குடுத்தாச்சி. வுடும்மா," என்றார் அண்ணன்.
கேபிளைப் பிடுங்கியதைச் சொல்லவில்லை.

10.11, புதன்
நல்ல மழை. குமராட்சிப் பக்கத்திலிருந்து கலியபெருமாள் என்று ஒருவர். கையில் பிளாஸ்டிக் பை, அதில் ஊறிப்போன கல்யாண ஆல்பம். வீட்டுக்குள் வெள்ளம். பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகங்கள் உரிந்து வருகின்றன.
மகள் கவிதா. பங்குனியில் பிரசவத்தில் இறந்துவிட்டாளாம். குழந்தைக்கு எட்டு மாதம்.
"பேத்திக்குக் காட்ட வேற போட்டோ இல்லம்மா. ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்னு பஸ்ல ஒருத்தரு சொன்னாரு. இருக்குமில்ல?"
"பாக்கறேன்யா. திங்கக்கெழம வாங்க."
அந்த ஆல்பத்தை வடிவமைத்தது நான்தான்.

13.11, சனி
லீவு போட்டு வெளி டிஸ்கை எடுத்துப் போனேன். திருப்பாதிரிப்புலியூரில் டிஸ்க் சரிசெய்யும் கடை. கடைக்காரர் இரண்டு மணி நேரம் தோண்டினார். "காப்பி எழுதிக்கினு இருக்கும்போது புடுங்கிட்டாங்களா?"
"ஆமா."
"யாரு?"
"நான்தான்." முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது. அழுதுவிட்டேன். அவர் பாவம், மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.
கவிதா கல்யாணத்தில் கிடைத்தது ஒரே படம். அதுவும் பாதி. நெற்றிச்சுட்டி, புருவம், கண், மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

15.11, திங்கள்
மழை விட்டிருந்தது. பதினொரு மணிக்குக் கலியபெருமாள் வந்தார். படத்தைத் திறந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.
"கண்ணு அவளுதுதான்," என்றார். "கீழ ஏம்மா இப்புடி?"
"என் தப்புதான்யா. அவசரத்துல ஒயரப் புடுங்கிட்டேன்."
திட்டுவார் என்று நின்றேன். அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கண் திரையிலேயே இருந்தது.
"நீதான இத ஆல்பத்துல வச்ச? சிரிக்கிறாளா இதுல?"
ஆல்பத்துக்காக முகப்பருவை எடுத்திருப்பேன், நிறத்தைக் கூட்டியிருப்பேன். ஒரு மணி நேரமாவது அந்த முகத்தையே பார்த்திருப்பேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.
"நல்லா சிரிக்கிறாங்கய்யா," என்றேன்.