மூன்று மதகுகளைக் காட்டிக்கொடுத்த தொடக்கப் பட்டியல்

நலம் பெருகுக. ஆறு மதகுடைய பூவாணிப் பேரேரிக்கு உரியவரும், குன்றுசூழ் மருதவள நாட்டை ஆள்பவரும், இன்றளவும் சினம் தணியாதவருமான கோப்பெருமகன் கடம்பமாறர் மொழிந்தருள, அமைச்சன் அவிநயன் கூத்தன் வரையும் ஓலை. கணினிகளுக்கு இயங்குதளம் ஆக்கி ஏழு நாட்டுக்கும் விற்கும் திரைப்பட்டினத்துத் தலைவர் ஏகம்பவாணர் காண்க. உம் பட்டினத்தில் மழை பொழிக, வயல் விளைக. உமக்கு மட்டும் இவ்வாழ்த்து இல்லை.

எந்தப் பேச்சுக்கும் அமருமுன், எதுவரை விட்டுக்கொடுக்கலாம் என யாம் எழுதித் தருவதை மன்னர் தனியே ஒருமுறை படித்துக்கொள்வது எம் நாட்டு வழக்கம். முன்பு ஓலையில் படித்து எரிப்பார். இப்போது உம்மை நம்பி, கணினியில் கோப்பாகப் படித்து மூடுகிறார். மூடினால் போதும் என்று எண்ணியது எம் பிழை, மறுக்கவில்லை.

சென்ற வளர்பிறை ஐந்தாம் நாள், ஏரித் தண்ணீர் கேட்டு வந்த ஆற்றூர்த் தூதர் நக்கண்ணனாரிடம், ஒரு மதகும் தருவதற்கில்லை என்று மன்னர் முழங்கினார். ஏரியின் வரைபடத்தை எடுக்க, அவைப் பெருந்திரையில் இணைத்த தம் கணினியின் தொடக்கப் பட்டியலைத் திறந்தார். அங்கே, எவரும் கேளாமல் நீர் வைத்திருக்கும் ‘பரிந்துரைகள்’ பகுதியில், ‘மூன்று மதகு வரை தரலாம், முகத்தில் காட்டிக்கொள்ள வேண்டாம்’ என்ற கோப்பு, சற்றுமுன் திறந்தது என்னும் குறிப்போடு முதலில் நின்றது. அதன் கீழே, மிட்டாய் உடைக்கும் விளையாட்டொன்றை நிறுவிக்கொள்ளும்படி மன்னருக்கு யோசனை வேறு. தூதர் நிதானமாகப் படித்துவிட்டு, மூன்றே போதும் மன்னா, நாங்கள் என்ன பேராசை பிடித்தவர்களா என்று கேட்டார். மூன்று மதகும் போயின. கீழ்க்கரை உழவருக்கு இவ்வாண்டு ஒரே போகம்.

பின்னர் அமைப்புகளுக்குள் புகுந்து, அண்மைக் கோப்புகளைக் காட்டும் விசையை அணைத்தோம். கோப்புகள் மறைந்தன, பகுதி மறையவில்லை. வெறுங்கட்டம் பட்டியலில் பாதியை அடைத்துக்கொண்டு, பரிந்துரைகள் வேண்டுமெனில் மீண்டும் இயக்குக என்று கெஞ்சுகிறது. உம் அடுத்த புதுப்பிப்பு வந்த அன்றே விசையும் தானாக இயங்கிக்கொண்டது. உம் ஏவலரைக் கேட்டால், எல்லாம் உங்கள் வசதிக்காகத்தான் ஐயா என்கிறார்.

எஞ்சிய மூன்று மதகுகளுக்கான பேச்சு வரும் முழுமதியன்று. அதற்குள் அப்பகுதியை வேரோடு நீக்கும் வழி எமக்கு வந்து சேர வேண்டும். சேராவிடில் உம்மை விருந்துக்கு அழைப்போம். உம் சொந்தக் கணினியோடு வருவீர், வராமலிருக்க விடமாட்டோம். ஏழு நாட்டுத் தூதரும் அமர்ந்திருக்க, அதைப் பெருந்திரையில் இணைத்து, தொடக்கப் பட்டியலை மன்னர் தம் கையாலேயே திறப்பார். தெரிவது அனைத்தும் உரக்க வாசிக்கப்படும்.

இது கோப்பெருமகன் ஆணை. மதகு பொறித்த முத்திரை இட்டோம். மறுமொழியில் நலம் விசாரிக்க வேண்டாம்.