பந்தை யார் கையில் கொடுப்பது

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்: என் மகள் லோரெட்டா, அவள் மகன் மைக்கா, என் அண்ணன் ரூஃபஸ், பக்கத்து வீட்டு ஹாட்டி, நான். பேர்களை எழுதி வைக்கிறேன். நான் முன்கூட்டியே சொல்லவில்லை என்று பின்னால் ஒருத்தரும் சாதிக்கக்கூடாது.

சர்ச் முடிந்து வந்து கோழி வறுத்தேன், சோள ரொட்டி சுட்டேன். வாயில் முதல் துண்டு போவதற்குள் பேச்சு அதற்கே வந்துவிட்டது. இந்த வருடம் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு குவார்ட்டர்பேக் யார், பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன் யார்? மைக்காவா, ஓஹையோவில் ஒரு கல்லூரியை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிற பிரெட்டா?

மைக்கா இரண்டு வருடம் ஆடாமல், ஹெல்மெட்டுக்குப் பதில் தொப்பி போட்டுக்கொண்டு மைதானக் கோட்டுக்கு வெளியே நின்றவன். இது அவன் முறை. ஆனால் புதுக் கோச் டன்லீவிக்கு பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டமே பிடிக்காதாம். பந்தை வீச வேண்டும், வீசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"பிரெட்டு அறுபது கஜம் வீசுறான் பாட்டி," என்றான் மைக்கா. போட்டிக்காரனைப் புகழ்கிறான். அவன் அம்மா வளர்ப்பு.

"வீசட்டும். வீசுற வரைக்கும் நிக்கணுமே? முன்னால தடுக்கிற நம்ம பசங்க சின்ன உடம்பு. கதவு மாதிரி தொறந்துக்குவானுங்க. அவனுங்களுக்கு ஓடற ஆட்டந்தான் சரி."

"உன்னையே கோச்சா வச்சிருக்கலாம்டி வெர்லீன்," என்றாள் ஹாட்டி. "அணி தோத்தாலும் சாப்பாடாவது நல்லாருக்கும்."

"அம்மா, அவனைச் சாப்பிட விடு," என்றாள் லோரெட்டா.

ரூஃபஸ் அண்ணன் கண் குழம்புக் கிண்ணத்தில் இருந்தது. குவார்ட்டர்பேக் இடத்தில் ஆடியவன் எங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான். "அந்தக் குழம்ப இப்படித் தள்ளு" என்றான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பிரெட்டாம். கடையில் ரொட்டி மாவு வாங்கும்போது யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். என் பேரன் எனக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 2, சனி

ஜெயித்தோம். எதிரணி இருந்த லட்சணத்துக்கு எங்கள் சர்ச் பாட்டுக்குழுவே ஜெயித்திருக்கும். மைக்கா முழு நேரமும் தொப்பியோடு நின்றான்.

செப்டம்பர் 9, சனி

தோற்றோம்.

பந்து எங்களிடமே இருக்க ஒரே ஒரு கஜம் முன்னேற வேண்டும். பந்தை நெஞ்சில் கட்டிக்கொண்டு முன்னால் விழுந்தால்கூட வந்துவிடும். டன்லீவி என்ன செய்யச் சொன்னான்? வீசச் சொன்னான். பிரெட் பின்னால் போய்க் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி ஆளைத் தேடினான். அதற்குள் மூன்று பேர் அவன் மேல். அடுத்த தடவையும் ஒரு கஜம். அடுத்த தடவையும் வீச்சு. நான் எழுந்து நின்று கத்தினேன். முன்வரிசைக்காரன் திரும்பி, "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றான். "என்ன பாக்கப்போற? பாக்க என்ன இருக்கு அங்க?" என்றேன்.

என் ஆட்டம் என்ன ஆட்டம் என்று எவனாவது கேட்டால் சொல்வேன். குவார்ட்டர்பேக் பந்தை வயிற்றருகே வைத்துக்கொண்டு எதிரணியின் ஓரத்து ஆளைப் பார்க்கிறான். அவன் உள்ளே பாய்ந்தால் இவன் வெளியே ஓடுவான். அவன் வெளியே நின்றால் பந்தைப் பக்கத்தில் வருகிறவன் வயிற்றில் திணித்துவிடுவான். கண்ணிமைக்கிற நேரத்தில் முடிவு. அதற்குக் கால் மட்டும் போதாது, தலை வேண்டும். மைக்காவுக்கு அந்தத் தலை இருக்கிறது. எட்டு வயதில் என் பின்வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஓடிப் பழகியவன் அவன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சர்ச் வாசலில் கார்களுக்கு நடுவே நின்று எல்லாருக்கும் ஒரே பேச்சு. டீக்கன் சொல்கிறார், புது முறைக்கு நேரம் கொடுக்க வேண்டுமாம். இந்த மனுஷன்தான் புதுப் பாட்டுப் புத்தகத்தை ஆறு வாரத்தில் தூக்கி எறிந்தவர். அதையும் அங்கேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

வியாழன் சாயங்காலம் நெடுஞ்சாலைக் கோழிக்கடையில் டன்லீவி மைக் முன்னால் உட்கார்ந்து ரேடியோவில் பேசுவான். யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். ஊரே கேட்கும். கூப்பிட்டேன்.

நான் யார் என்று சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"எங்கருந்து பேசறீங்க மேடம்?" என்றான் நிகழ்ச்சி நடத்துகிறவன்.

"இங்கதான். கோச், ஒரு கஜம் வேணும்னா ஏன் வீசச் சொல்றீங்க? ஓடத் தெரிஞ்ச பையன் தொப்பி போட்டு நிக்கிறானே, கண்ணு தெரியலையா?"

கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கேட்டது. "எந்தப் பையன் மேடம்?" என்றான் நிகழ்ச்சிக்காரன், எல்லாம் தெரிந்தும்.

"எந்தப் பையனா? என் பேரன்தான்."

சிரிப்பு. தட்டு, ஸ்பூன் எல்லாம் சிரிக்கிற மாதிரி சிரிப்பு. அது அடங்கினதும் டன்லீவி மெதுவாக, மரியாதையாகச் சொன்னான்: "மைக்கா அருமையான அத்லெட் மேடம். அவனை எங்க வேணாலும் ஆட வைக்கலாம்."

அத்லெட்.

போனை வைத்துவிட்டேன். அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

மைக்கா கூப்பிட்டான். நான் பேசியதை யாரோ வெட்டிப் போனுக்குப் போன் அனுப்பிவிட்டார்களாம். பையன்கள் உடை மாற்றுகிற அறையில் அதைப் போட்டுப் போட்டுக் கேட்கிறார்களாம்.

"பாட்டி, இனிமே கூப்பிடாத."

"நான் சொன்னது பொய்யா?"

"அது இல்ல பாட்டி... கூப்பிடாத, அவ்வளவுதான்."

சரி என்று சொல்லவில்லை. அத்லெட் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நல்ல கால், நல்ல கை, நல்ல உடம்பு என்று அர்த்தம். தலை என்று அர்த்தம் இல்லை.

1972. அந்தக் கல்லூரி எங்கள் கறுப்புப் பையன்களைச் சேர்க்கத் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. ரூஃபஸ் போனபோது அவன் சட்டையில் பன்னிரண்டாம் எண், குவார்ட்டர்பேக். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவனைத் தோற்கடித்தவன் கிடையாது. முதல் ஆட்டத்துக்கு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். எனக்குப் பதினாறு. சுரங்க வழியிலிருந்து அணி ஓடி வருகிறது. பன்னிரண்டைத் தேடுகிறோம். காணோம். கடைசியில் அம்மாதான் பார்த்தாள். நாற்பத்தொன்று போட்டுக்கொண்டு ரூஃபஸ், எதிரணி வீசுகிற பந்தைத் தடுக்கிற கடைசி வரிசையில். கோச் மெக்கேப் மாற்றிவிட்டான். "அருமையான அத்லெட், எங்க வேணா ஆடுவான்" என்று மறுநாள் பேப்பரில் சொல்லியிருந்தான். முடிவு எடுக்கிற இடத்தில் எங்கள் முகம் நிற்கக்கூடாது. அதுதான் காரணம், அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

அப்பா எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். சாகிற வரை அந்த மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை.

மெக்கேப் செத்தபோது ஊர் முழுக்கப் பூ அனுப்பியது. நான் அனுப்பவில்லை. அவன் கல்லறை எது என்று தெரியும். அந்தப் பக்கம் போனால் மறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

செப்டம்பர் 23, சனி

பிரெட்டுக்குக் கணுக்கால் பிசகியது. இரண்டாம் பாதி. மைக்கா தொப்பியைக் கழற்றினான். ஹாட்டி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்துவிட்டது.

ஓடினார்கள். ஓடினார்கள். ஓரத்து ஆள் உள்ளே பாய்ந்தான், மைக்கா வெளியே போனான். ஓரத்து ஆள் வெளியே நின்றான், பந்து உள்ளே போய்விட்டது. அந்த ஆள் பாவம், கடைசியில் இரண்டு பக்கமும் போகாமல் நின்ற இடத்திலேயே குதித்தான். கடைசிக் கோட்டைத் தாண்டி இரண்டு டச்டவுன். பின்னால் கிடந்தவர்கள் கிட்டே வந்துவிட்டோம்.

கடைசியில் நேரம் இல்லை. வீசித்தான் ஆக வேண்டும். வீசினான். எதிரணிக்காரன் கையில் விழுந்தது. தோற்றோம்.

அந்தப் பிடிக்கிற பையன் தப்பான பக்கம் ஓடினான். அவன்மேல்தான் தப்பு. ரூஃபஸ் அண்ணன் கார் வரைக்கும் வந்து, கதவைத் திறக்கும்போது சொன்னான்: "பந்து வேகமில்லாம மெதந்துச்சு வெர்லீன். அவன் வீசற பந்து எப்பவும் மெதக்குது."

வீடு வரைக்கும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ரூஃபஸ் சாப்பிட வரவில்லை. முட்டி வலியாம்.

செப்டம்பர் 28, வியாழன்

மைக்கா மத்தியானம் வந்தான். வகுப்பு இருக்கிற நேரம். சமையலறையில் நின்றபடியே சொன்னான்.

"நான் ரிசீவரா ஆடப்போறேன் பாட்டி. வீசறத விட்டுட்டு, பிடிக்கிற பக்கம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே..."

"உன்னை மாத்திட்டான். அந்த டன்லீவி உன்னை மாத்திட்டான்."

"பாட்டி, இந்த வருஷமாவது நான் ஆடணும். தொப்பி போட்டு நிக்க முடியல."

"உங்க ரூஃபஸ் தாத்தாவுக்கு செஞ்சதத்தான் உனக்கும் செய்றானுங்க. அது தெரியுதா உனக்கு?"

நான் வைத்த பீச் பழ இனிப்பைச் சாப்பிடாமலே போய்விட்டான். அவன் பிறந்ததிலிருந்து இது நடந்ததில்லை.

நாளைக்கு டன்லீவியைப் பார்க்கப் போகிறேன். சர்ச் தொப்பியை எடுத்து வைத்தாயிற்று.

செப்டம்பர் 29, வெள்ளி

டன்லீவி எழுந்து நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். மெக்கேப் பேரைச் சொன்னேன். நாற்பத்தொன்றைச் சொன்னேன். எங்கள் அப்பா படி இறங்கிப் போனதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். குறுக்கே பேசவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு சொன்னான்: "மேடம், நான் மாத்தல. மைக்காதான் வந்து கேட்டான். போன ஞாயித்துக்கிழமை. தனியா வரல. உங்கண்ணன் கூட வந்தாரு. இதே நாற்காலில உக்காந்து, இந்தப் பையனோட கை பிடிக்கிற கை, வீசற கை இல்லன்னாரு."

ஆட்டம் முடிந்த ஞாயிறு. முட்டி வலி ஞாயிறு.

நேராக ரூஃபஸ் வீட்டுக்குப் போனேன். கார் கொட்டகையில் புல்வெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தான். தெரிந்துவிட்டது அவனுக்கு.

"ஏன்ணே?"

"பையன் அழுதான் வெர்லீன். என்கிட்ட வந்து அழுதான். உன்கிட்ட வர முடியுமா அவனால?"

"உனக்குச் செஞ்சதயே நீயே அவனுக்குச் செஞ்சியா?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல் மாற்றவில்லை.

"மெக்கேப் என் மூஞ்சியப் பாத்துத்தான் மாத்துனான். அது சத்தியம். அந்தாள் நாசமாப் போகட்டும். ஆனா அங்க போய் நின்னேன் பாரு, பின்னாடி, எல்லாம் என் கண்ணு முன்னால நடக்குது, பந்து எங்க வரும்னு எனக்குத் தெரியுது. எனக்குப் பிடிச்சிருந்துது வெர்லீன். ரெண்டாவது வாரத்துலயே பிடிச்சுப்போச்சு."

"அப்பா கிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? நீங்க ரெண்டு பேரும் எனக்காகக் கோவமா இருந்தீங்க. அதுல போய் நான் சந்தோஷமா இருக்கேன்னு எப்படிச் சொல்றது?"

பிடித்திருந்ததாம்.

அப்பா படி இறங்கிப் போனாரே. அப்பா அதற்கப்புறம் ரேடியோவில்கூட ஆட்டம் கேட்கவில்லையே. அவருக்கு எவ்வளவு பிடிக்கும் அந்த ஆட்டம். இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுபடி போயிருப்பார். பிடித்திருந்ததாம்.

அக்டோபர் 7, சனி

போகவில்லை. துணி மடித்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

ரூஃபஸ் சாப்பிட வந்தான். தட்டு வைத்தேன். பேசவில்லை. குழம்பைத் தள்ளச் சொன்னான், ஹாட்டி தள்ளினாள். "ரெண்டு பேரும் இப்படியே இருங்க," என்றாள் அவள், "கோழி நிறைய மிஞ்சுது எனக்கு."

அக்டோபர் 28, சனி

ரேடியோவைச் சின்னதாக வைத்துக் கேட்டேன். மைக்கா பேரைப் பல தடவை சொன்னார்கள்.

நவம்பர் 25, சனி

வருடத்தின் கடைசி ஆட்டம். மைக்கா டிக்கெட் அனுப்பியிருந்தான், போகாமல் இருக்க முடியாது. லோரெட்டா, நான், ஹாட்டி, ரூஃபஸ். எனக்கும் ரூஃபஸுக்கும் நடுவே ஹாட்டியை உட்கார வைத்தேன்.

சுரங்க வழியிலிருந்து ஓடி வந்தார்கள். மைக்காவின் பன்னிரண்டைத் தேடினேன், ரூஃபஸின் பழைய எண். இருந்தது. பிடிக்கிறவனும் பன்னிரண்டு போடலாமாம் இப்போது.

ஒரு கஜம் வேண்டிய இடத்தில் இரண்டு தடவை ஓடினார்கள். என் போன் காரணம் என்கிறாள் ஹாட்டி. நான் மறுக்கவில்லை.

மூன்றாம் பகுதியில் பிரெட் தூக்கி வீசினான். உயரத்துக்குப் போன பந்து, அந்த மூலைக் கோட்டை நோக்கி. மைக்கா ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்கவில்லை, கையை மட்டும் நீட்டினான். பந்து வந்து உட்கார்ந்தது. அவனுக்குத் தெரிந்திருந்தது எங்கே வரும் என்று. எழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பின்வாசல் நாற்காலிகளுக்கு நடுவே பார்த்தேன், அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

நானும் எழுந்து கத்தினேன். உட்கார்ந்ததும் பார்த்தால் ரூஃபஸ் முகத்தைக் கையால் மூடியிருக்கிறான். மடியிலிருந்த வேகவைத்த கடலைப் பையை ஹாட்டியிடம் கொடுத்தேன். "அந்தப் பக்கம் தள்ளு," என்றேன். தள்ளினாள்.

ஜெயித்தோம்.

டன்லீவி மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. பிரெட் மேலும் இல்லை, அந்தப் பந்து மிதக்கவில்லை. மெக்கேப் மண்ணுக்குள் கிடக்கிறான், அவன் கணக்கைக் கடவுள் பார்த்துக்கொள்வார். நாளைக்கு ஐந்து தட்டு வைக்க வேண்டும், குழம்பு கூடுதலாக வேண்டும், அண்ணனுக்கு அது இல்லாமல் இறங்காது.

ஆனால் அப்பா படி இறங்கிப் போனது தெரிந்தும் மனதுக்குள் சந்தோஷமாக ஆடியவனை, ஐம்பது வருடம் என்னைத் தனியாகக் கோபப்பட விட்டவனை, நான் மன்னிக்கப்போவதில்லை. என் அண்ணன் ரூஃபஸை.