கை மாறிய கடிகாரம்

மார்ச் 3

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கத் தோன்றவில்லை. நலமாகத்தான் இருக்கிறீர்கள், பத்திரிகையில் நான்கு பக்கத்துக்குப் புகைப்படம் வந்திருக்கிறதே. உங்கள் முதல் படம் வெளிவந்து இருபத்தைந்து வருடமாம், வெள்ளி விழாச் சிறப்பிதழாம். என் மகள்தான் கொண்டுவந்து நீட்டினாள். "அம்மா, மாமா உன்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா பாரு" என்றாள். பார்த்தேன். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. என் தவறைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது.

ரயில் நிலையத்தில் பிரியும் காட்சி. கதாநாயகி படிக்கட்டில் இறங்கும்போது கடிகாரம் இடது கையில். கீழே வந்து நிற்கும்போது வலது கையில். "அது தற்செயல் இல்லை. அவளுடைய காலமே இடம் மாறிவிட்டது என்பதை அப்படிச் சொன்னேன்" என்று பேட்டியில் அளந்திருக்கிறீர்கள். அடேயப்பா!

அந்தப் படத்துக்குக் கன்டினியூட்டி பார்த்தவள் நான். ஒரு ஷாட்டில் எந்தக் கையில் என்ன இருந்தது, எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று நோட்டில் எழுதி, அடுத்த ஷாட்டில் அது மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எடுத்தவரை போட்டுப் பார்த்த அன்று, அறுபது பேர் முன்னால் "கண்ணை எங்கடி வச்சிருந்தே? வீட்டுக்குப் போ" என்று என் நோட்டைக் கிழித்து எறிந்தவர் நீங்கள். அதன்பிறகு எந்த யூனிட்டும் என்னைச் சேர்க்கவில்லை. சொந்த அண்ணனே துரத்தியவளை வேறு யார் சேர்ப்பார்கள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் யோசித்துச் செய்தது என்றால் என்னை ஏன் துரத்தினீர்கள்? என் தவறு என்றால் இப்போது ஏன் உங்கள் மூளையை நீங்களே மெச்சிக்கொள்கிறீர்கள்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

கடிதமா அது, குற்றப்பத்திரிகை! விழா நேரத்தில் நாலு பேர் வாழ்த்து எழுதுவார்கள். நீ வாயில் வந்ததையெல்லாம் எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு விட்டுக்கொடுக்கிற குணம் கிடையாது.

கேட்டாயே, சொல்கிறேன். தவறு உன்னுடையதுதான். அதற்கு அர்த்தம் கொடுத்தவன் நான். வெட்டி எறிந்திருக்கலாம், எறியவில்லை. அது கலை. உனக்குப் புரியாது. இன்றைக்கு ரசிகர்கள் வலது கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் போய் "என் தங்கச்சி தூங்கிட்டா" என்று சொல்லட்டுமா? யாருக்கு அவமானம்?

இருபத்தெட்டாம் தேதி விழா. உனக்கும் மாப்பிள்ளைக்கும் மூன்றாம் வரிசையில் இடம் போட்டிருக்கிறேன். வந்து சிரித்த முகமாக உட்கார். விழா மலர் தொகுப்பவர் உன்னைத் தேடி வந்தால், "எல்லாம் அண்ணன் யோசனை" என்று ஒரு வரி சொல்லி அனுப்பு. அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்

மார்ச் 13

அண்ணனுக்கு,

தவறு எனக்கு, அர்த்தம் உங்களுக்கு. நல்ல பாகப்பிரிவினை!

நானா தூங்கினேன்? இருபத்திரண்டு வருடமாகக் கண் மருத்துவமனையில் மூக்குக்கண்ணாடி அளவு எழுதுகிறேன். ஒருநாளும் இடக்கண்ணுக்கு உரியதை வலக்கண்ணுக்கு எழுதியதில்லை. அன்று மட்டும் எப்படித் தவறினேன் என்பது இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

மலர் தொகுப்பவர் நேற்று வந்தார். "மேடம், கடிகாரத்தை மாத்திக் கட்டச் சொன்னப்ப சார் உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று பவ்வியமாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை வாங்க, விவரமா சொல்றேன்" என்றேன். நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன், நீங்கள் என்னைத் துரத்தியதையும் சேர்த்து. அதற்குள் எழுத ஏதாவது இருந்தால் எழுதுங்கள். கலையைப் பற்றி வேண்டாம்.

தங்கை

மார்ச் 17

பாப்பா,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று! கோபப்படாதே. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அது உன் தவறு இல்லை. அன்று சாப்பாட்டு இடைவேளையில் அந்த நடிகை இடது மணிக்கட்டில் சுடச்சுடத் தேநீரைக் கொட்டிக்கொண்டாள். அந்தக் கையில் கடிகாரம் கட்ட முடியாது என்றாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "இன்னொரு கையில கட்டிக்கம்மா, யாரு பாக்கப்போறா" என்று நானேதான் சொன்னேன். உன்னை ஒரு தொலைபேசி பேச அனுப்பியிருந்தேன். நீ வருவதற்குள் ஷாட் முடிந்துவிட்டது, நீ இல்லாதபோது ஒன்று எடுத்தோம் என்று உன்னிடம் சொல்லவே இல்லை.

திரையில் பார்த்ததும் தயாரிப்பாளர் எழுந்து "யார் பார்த்த வேலை இது?" என்று கத்தினார். என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. வெளியாள் என்றால் சண்டைக்கு வருவான். நீ என் தங்கை, தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். உன் நோட்டில் "இடது கை" என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. அதனால்தான் கிழித்தேன். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே இத்தனை வருடம் ஓடிவிட்டது.

தொகுப்பவரிடம் சொல்லிவிடாதே, பாப்பா. எனக்கு இருப்பது இந்த ஒரு படம்தான். அப்புறம் எடுத்த ஐந்தும் ஊத்திக்கொண்டது உனக்குத் தெரியும். இந்தக் காட்சியை வைத்துத்தான் இன்னும் நாலு பேர் என்னை இயக்குநர் என்கிறார்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். விழாவுக்கு வா, மேடையில் ஏற்றி உனக்கொரு நினைவுப் பரிசு கொடுக்கச் சொல்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 22

இயக்குநர் அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

வேலை போனதைக்கூட மறந்துவிடுவேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, காய்ச்சல் மருந்தை நான் தனியாக ஊற்றிக் கொடுத்ததே இல்லை. குழந்தை அனத்திக்கொண்டு கிடக்கும். மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் வந்து அளவு பார்க்கட்டும் என்று வாசலைப் பார்த்தபடி இருப்பேன். கண்ணை எங்கடி வச்சிருந்தே என்று உங்கள் குரல் காதில் கேட்கும். மருத்துவமனையில் ஒவ்வொரு சீட்டையும் பக்கத்து மேசைக்காரியிடம் காட்டிவிட்டுத்தான் இன்றும் அனுப்புகிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா சாகிறவரைக்கும் என்னை "அண்ணன் பேரைக் கெடுக்கப் பாத்தவ" என்றாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை தொகுப்பவர் வந்தார். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "சுவாரசியமா ஏதாவது இருந்தா சொல்லுங்க மேடம், பெட்டிச் செய்தியா போட்டுடலாம்" என்றார். என் இருபத்தைந்து வருடம் உங்கள் விழா மலரில் ஒரு பெட்டிச் செய்தி! ரசிகர்கள் அதையும் ரசித்துக் கைதட்டுவார்கள். அடுத்த பேட்டியில் நீங்கள் கண்கலங்குவீர்கள். அந்தப் பெருமையையும் உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பயப்படாமல் விழா கொண்டாடுங்கள்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. வீட்டுக்காரரிடமும் மகளிடமும் படிக்கக் கொடுத்தேன். அவர்களுக்குத் தெரிந்தால் எனக்குப் போதும். நாங்கள் யாரும் வரமாட்டோம்.

தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தீர்கள், தாங்கிவிட்டேன். உங்கள் கையெழுத்தில் இனி எது வந்தாலும் பிரிக்காமல் திருப்பி அனுப்பும்படி தபால்காரரிடம் சொல்லியாயிற்று.

இப்படிக்கு,
அந்தத் தவறைச் செய்யாதவள்