முப்பது நாள் யாரும் கேட்காதது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நலம்தான். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சின்ன விஷயம்தான், பயப்படாதே.

நாங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் புது இணையத்தில், எதைக் கேட்டாலும் பக்கத்தில் எந்தக் கணினியில் நகல் இருக்கிறதோ அது எடுத்துக் கொடுக்கும். இடம் நிரம்பிவிடாமலிருக்க, முப்பது நாள் யாரும் கேட்காததை எல்லாக் கணினிகளும் அழித்துவிடும். அந்த விதியை எழுதியது நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா எனக்குக் கடைசியாக அனுப்பிய குரல் பதிவுகளைத்தான் சோதனைக்குப் போட்டிருந்தேன். என் போன் மழையில் நனைந்து செத்தபோதுகூட, அங்கே பத்திரமாக இருக்கின்றன என்றிருந்தேன். கேட்டால் அழுதுவிடுவேன் என்று ஒருநாளும் திறக்கவில்லை.

நேற்று கேட்டேன். எந்தக் கணினியிலும் இல்லை.

கூட வேலை செய்யும் காப்பார் ஊர்க்காரர் திமோத்தி, "சிஸ்டம் சரியா வேலை செய்யுது லா, ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றார். அவருக்கு என்ன தெரியும்? யாருக்கும் வேண்டாத குரல் என்று நினைத்துத்தானே அழித்திருக்கிறது.

முடிந்தால் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அப்பா போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுச் சித்தி மகனுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, கொடுக்காதே. கொடுத்திருந்தால் எனக்குச் சொல்லாதே.

உன் குழலி