ரம்ஷா கொட்டிய 'ம்'

ஏனுங்க,

தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று போத்தனூர் போகிறேன். நாளைக்குத்தான் வருவேன். கறிக்குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். யுஸ்ரா மாடி வீட்டில் விளையாடுகிறாள், இருட்டுவதற்குள் கூட்டி வந்துவிடுங்கள்.

நேற்று நான் கத்தியது தப்பில்லை. கதைப் புத்தகங்களைப் பரண் மேல் ஏற்றிவிட்டால் துக்கம் போய்விடுமா? பெரியவள் ரம்ஷா மௌத்தாகிப் போனதிலிருந்து உங்களுக்குக் கதை சொல்ல வாய் வருவதில்லை, தெரியும். வரிக்கு வரி 'ம்' கொட்டிக் கேட்டது அவள்தானே. சின்னவள் பாதியிலேயே தூங்கிவிடுவாள்.

இன்று மத்தியானம் யுஸ்ரா அக்காவின் தலையணைக்கு உங்கள் நரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, 'ம்' என்று அவளே கொட்டிக்கொண்டாள். பாதியில் நின்றுவிட்டது.

"அப்புறம் என்னாச்சு கண்ணு?" என்றேன்.

"எனக்குத் தெரியாதும்மா. அக்காவுக்குத்தான் தெரியும். அத்தா இனிமே சொல்லமாட்டாங்களா?"

புத்தகங்களை இறக்கிவிட்டேன். நரிக் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இஸ்மத்

பால் பிரிட்ஜில் இருக்கிறது. அந்தத் தலையணையை எடுத்துவிடாதீர்கள்.

யுஸ்ரா 'ம்' கொட்டும்போது கதையை நிறுத்திவிடாதீர்கள். ரம்ஷா குரல் மாதிரியேதான் இருக்குதுங்க.